காது மூக்குத் தொண்டைச் சிகிச்சையில் மீளனுமதியும் அதன் செலவும்

நோயாளி ஒருவர் வைத்தியசாலையை விட்டு வீடு செல்லும் நாளில் அவருடைய கணக்கு முடிக்கப்படுகின்றது. கட்டிலுக்கு இத்தனை நாள், சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு இத்தனை மணி, மருந்துக்கு இவ்வளவு என்று தொகை வரையறுக்கப்பட்டு ஏடு மூடப்படும். அவ்வாறு மூடப்பட்ட ஏட்டினை, எவரும் எதிர்பாராத ஒரு நள்ளிரவில் அதே நோயாளி திரும்பி வந்து திறக்கச் செய்வதும் உண்டு. இத்தகைய வருகையையே வைத்திய நிருவாகத் துறையினர் எதிர்பாரா மீளனுமதி என்பர். முதற் சிகிச்சை முடிந்து முப்பது நாளுக்குள், முன்னரே நாட்குறிக்கப்படாத வகையில், மீண்டும் விடுதியிற் சேர்க்கப்படுதல் என்பதே அதற்கு இக்காலத்திற் பெரிதும் வழங்கும் இலக்கணமாகும். காது, மூக்கு, தொண்டை ஆகிய மூன்றினையும் ஒருங்கு பேணும் துறையில் இது எங்ஙனம் நிகழ்கின்றது, இதன் செலவு யார் தலையிற் பொறுக்கின்றது, அச்செலவைக் குறைக்க முயன்றோர் கண்டறிந்தவை யாவை என்பன ஈண்டு நோக்கப்படும்.

மீளனுமதியின் செலவை உலகறியக் காட்டியது 2009 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வாகும். ஸ்ரீபன் யெங்ஸ் முதலிய மூவர், முதியோருக்கான மெடிகெயார் என்னும் அரச காப்புறுதித் திட்டத்தின் பதிவுகளை ஆராய்ந்து, வைத்தியசாலையிலிருந்து வீடு சென்றோருள் நூற்றுக்கு 19.6 பேர், அஃதாவது ஏறக்குறைய ஐவருள் ஒருவர், முப்பது நாளுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டனர் எனக் கண்டனர். எதிர்பாரா மீளனுமதிகளால் 2004 ஆம் ஆண்டில் மட்டும் அத்திட்டத்துக்கு நேர்ந்த செலவு 1,740 கோடி டொலர் என்பது அவர்கள் கணிப்பு. அரசினர் விழித்துக்கொண்டனர். 2010 ஆம் ஆண்டிற் பிறந்த சட்டத்தின்படி, மீளனுமதி மிகுந்த வைத்தியசாலைகளுக்குச் செலுத்தும் பணத்தில் ஒரு பங்கினைக் குறைக்கும் தண்டம் 2012 ஒக்ரோபர் தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. முதலில் நூற்றுக்கு ஒன்றாக இருந்த அதன் உச்ச வரம்பு பின்னர் மூன்றாக உயர்ந்தது. இங்கிலாந்திலும், நாட்குறித்துச் செய்த சிகிச்சையின்பின் முப்பது நாளுக்குள் அவசரமாகத் திரும்புவோருக்குத் தனிக் கட்டணம் வழங்கப்படாது என்னும் விதி 2011 ஏப்பிரலிற் புகுத்தப்பட்டது.

அமெரிக்கச் சட்டத்தின் பட்டியலில் மாரடைப்பு, இதயத் தளர்ச்சி, நுரையீரலழற்சி ஆகிய மூன்றும் முதலில் இடம்பெற்றன. நாட்பட்ட சுவாச நோயும், மூட்டு மாற்றுச் சிகிச்சையும், இதயக் குழாய்ச் சத்திரசிகிச்சையும் பின்னர் சேர்ந்தன. காது மூக்குத் தொண்டை நோய் ஒன்றேனும் அதில் இல்லை. இதனால், இத்துறையில் மீளனுமதி என்பது பொருட்படுத்தத்தக்கதன்று என்று எண்ணுதல் பொருந்தாது. மெடிகெயார் முதியோர்க்குரியது, தொண்டைச் சிகிச்சை பெறுவோருட் பெரும்பாலார் சிறுவர். கணக்கு எழுதப்பட்ட ஏடே வேறாதலின் செலவு கண்ணிற் படவில்லை என்பதே உண்மை. ஒரு குழந்தை திரும்பி வருவதால் நேரும் செலவு, இதயநோயாளி ஒருவர் திரும்பி வருவதால் நேரும் செலவினும் சிறிது. ஆயினும் ரொன்சில் நீக்குஞ் சத்திரசிகிச்சை மிகப் பெருந்தொகையிற் செய்யப்படுவது. அமெரிக்காவில் 2006 ஆம் ஆண்டில் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கு மட்டும் ஐந்து இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டன. நூற்றுக்கு ஒருவர் திரும்பி வரினும் ஐயாயிரம் குழந்தைகளுக்கு மேலாகின்றது.

ரொன்சில் என்பவை தொண்டையின் இருமருங்கும் அமைந்த சதைத் திரள்கள். அடிக்கடி சீழ்ப்பிடித்துக் காய்ச்சலை உண்டாக்குமாயினும், வீங்கி உறக்கத்தில் மூச்சுவழியை அடைக்குமாயினும் அவற்றை நீக்குவர். இச்சிகிச்சையின் சிறப்பியல்பு ஒன்றுண்டு. உடலின் வேறெப்பகுதியில் வெட்டினும் வைத்தியர் தோலை இழுத்துத் தைத்து மூடுவர். தொண்டையிலோ புண் திறந்தபடியே விடப்படுகின்றது. நாலைந்து நாளில் அதன்மேல் வெண்ணிறப் பொருக்கு ஒன்று படரும். ஐந்தாம் நாள் தொடக்கம் பத்தாம் நாள் வரையில் அப்பொருக்குக் கழலும்போது, கீழுள்ள குருதிக்குழாய் வாய் திறக்குமாயின் குருதி பெருகும். இக்குழாய்கள் கழுத்திலோடும் பெருநாடியின் கிளைகளாதலால் பெருக்குச் சிலவேளைகளில் உயிருக்கே இடுக்கண் விளைக்கும். சத்திரசிகிச்சை முடிந்து இருபத்துநாலு மணிக்குள் நிகழ்வதை முதற் குருதிப்பெருக்கு என்றும், அதன்பின் நிகழ்வதை இரண்டாங் குருதிப்பெருக்கு என்றும் பிரித்துரைப்பர். முதலாவது நிகழும்போது நோயாளி பெரும்பாலும் வைத்தியசாலையிலேயே இருப்பார். இரண்டாவது வீட்டில், பெரும்பாலும் பெற்றோர் உறங்கும் வேளையில் நிகழும். உறங்கும் குழந்தை அடிக்கடி எதையோ விழுங்கிக் கொண்டிருத்தல் அதன் அறிகுறி. வாயினின்று ஒரு துளியும் வெளிவராமலே வயிறு குருதியால் நிறைந்துவிடக்கூடும் ஆதலின், இவ்வறிகுறியை முன்னரே சொல்லியனுப்பப் பெறாத தாய் அதனை அறியாள்.

அக்குழந்தை வைத்தியசாலையை அடைந்தபின் நிகழ்வனவற்றை ஒவ்வொன்றாக நோக்கினாற்றான் செலவென்பது யாதெனத் தெரியும். நாளத்தில் ஊசி ஏற்றப்படும், குருதியினம் சோதிக்கப்படும், கட்டில் ஒன்று ஒதுக்கப்படும். பெருக்கு நின்றுவிடினும் ஓரிரவோ இரண்டிரவோ கண்காணிப்பில் வைத்தல் வேண்டும்; சிறு கசிவு பெரும்பெருக்குக்கு முன்னறிவிப்பாதல் உண்டு. நில்லாவிடின் மீண்டும் சத்திரசிகிச்சைக் கூடம். இவ்விரண்டாம் முறை மயக்கமருந்து கொடுத்தல், முன்னரே நாட்குறித்துச் செய்த முதன்முறையைப் போன்றதன்று. வயிறு விழுங்கிய குருதியால் நிறைந்திருக்கின்றது. அது வாந்தியாகி மூச்சுவழியிற் புகலாம். குழாய் செலுத்த வேண்டிய தொண்டையே குருதியால் மறைந்து கிடக்கின்றது. ஆகவே அனுபவம் முதிர்ந்த மயக்கமருந்து வைத்தியரை நள்ளிரவிலும் அழைத்தல் அவசியமாகின்றது. அவ்விரவுப் பணியால், மறுநாட் காலைக்கென நாட்குறிக்கப்பெற்றுப் பட்டினி கிடந்து காத்திருந்த வேறொரு நோயாளியின் சத்திரசிகிச்சை பிற்போடப்படுதலும் நேரும். அவருடைய இழப்பு எந்த ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. பெற்றோர் வேலைக்குச் செல்லாது இழந்த நாட்கூலியும், வீட்டில் விட்டுவந்த ஏனைய பிள்ளைகளின் பராமரிப்பும், வழிச்செலவும் அவ்வாறே ஏட்டுக்குப் புறம்பானவை.

நோயாளியைச் சில நாள் கூடுதலாக விடுதியில் வைத்திருப்பின் இச்செலவு நேராதன்றோ என்று வினவலாம். சத்திரசிகிச்சை செய்த அன்றே வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் மேலைநாடுகளிற் பரவியபோது பலர் இவ்வாறே அஞ்சினர். ஆயின், இரண்டாங் குருதிப்பெருக்கு ஐந்து நாளின் பின்னரே பெரும்பாலும் வருவதாதலின், ஓரிரவு வைத்திருத்தலால் அது தடைப்படமாட்டாது. அதனைத் தடுக்கும் நோக்குடன் வைத்திருப்பதாயின் பத்து நாள் வைத்திருத்தல் வேண்டும். குருதி பெருகாத தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டோரையும் அத்தனை நாள் வைத்திருத்தல் வேண்டும். அதன் செலவு மீளனுமதிகள் யாவற்றின் செலவையும் விஞ்சிவிடும். எனவே செலவைக் குறைக்கும் வழி கட்டிலில் இல்லை. சத்திரவைத்தியரின் கையிலும், கருவியிலும், வீட்டாருக்குச் சொல்லும் சொல்லிலுமே அதனைத் தேடுதல் வேண்டும்.

கருவியைப் பற்றிய பாடத்தை இங்கிலாந்து 2001 ஆம் ஆண்டிற் பெரும் விலை கொடுத்துக் கற்றது. இவ்வரலாறு சிறிது விரித்துரைக்கத்தக்கது.

பித்துப்பசு நோயோடு தொடர்புடையதாய் மனிதரின் மூளையை அழிக்கும் குறொய்ற்ஸ்பெல்ட்-யாக்கொப் நோயின் புதுவகை ஒன்று 1996 இல் அந்நாட்டில் அறியப்பட்டது. பிரியோன் எனப்படும் கோணலுற்ற புரதமே அதன் காரணம். அப்புரதம் இந்நோயாளரின் ரொன்சிற் சதையிலும் தங்குகின்றது என்பது அடுத்த ஆண்டில் வெளியாயிற்று. சாதாரண நீராவிக் கிருமிநீக்கத்துக்குப் பிரியோன் முழுதும் அடங்குவதில்லை. நோயை உடலிற் கொண்டும் அதனை அறியாத ஒருவரின் தொண்டையிற் பட்ட கத்தியும் சாவணமும், எத்துணை கழுவினும், அடுத்த குழந்தைக்கு நோயைக் கொண்டு செல்லுமோ என்னும் அச்சம் எழுந்தது. ஆகவே 2001 சனவரியில், ரொன்சிற் சிகிச்சைக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளையே கையாளுதல் வேண்டுமென அரசினர் பணித்தனர்.

நோக்கம் குற்றமற்றது. விளைவு வேறாயிற்று. பல்லாண்டு பழகிய உருக்குக் கருவிகளின் நிறையும் கூர்மையும் புதியனவற்றுட் பலவற்றுக்கு இல்லை. சாவணங்களின் நுனி சரிவரப் பொருந்தவில்லை. மின்சூட்டினாற் குருதியை நிறுத்துங் கருவிகள் சில ஒழுங்காக இயங்கவில்லை என்று சத்திரவைத்தியர்கள் முறையிட்டனர். சத்திரசிகிச்சையின் பின் குருதி பெருகித் திரும்புவோர் மிகுந்துவிட்டனர் என்னும் அறிக்கைகள் நாடெங்குமிருந்து வந்தன, உயிரிழப்பும் நேர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே ஆணை மீளப்பெறப்பட்டுப் பழைய கருவிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. சத்திரசிகிச்சைக் கருவி வழியாக அப்புதுவகை நோய் தொற்றியதாக அறியப்பட்ட நோயாளி ஒருவரேனும் இற்றைவரை இல்லை. எனினும், இதைக்கொண்டு 2001 இல் ஆணையிட்டோரை எள்ளுதல் நேர்மையாகாது; எத்தனை ஆயிரம் பேர் அந்நோயை மறைவாகத் தாங்கியிருக்கின்றனர் என்பதை அன்று எவரும் சொல்லவல்லராக இருந்திலர்.

இவ்வரலாற்றில் உற்றுநோக்கத்தக்கது வேறொன்று. குருதிப்பெருக்கு மிகுந்துவிட்டது என்று யாவரும் கூறினர். எவ்வளவு மிகுந்தது என்று எவராலுங் கூற முடியவில்லை. புதிய கருவி வருமுன் நூற்றுக்கு எத்தனை பேர் திரும்பி வந்தனர் என்பது நாடளாவிய வகையில் எண்ணப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு வைத்தியசாலையிலும் தனித்தனி நினைவு இருந்தது. நாட்டுக்கென ஓர் எண் இல்லை. ஆதலின், குழப்பம் ஓய்ந்தபின் செய்யப்பட்ட முதல் வேலை எண்ணத் தொடங்கியதே. 2003 யூலை தொடக்கம் இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் தேசிய ரொன்சிற் கணக்காய்வு ஒன்று நடைபெற்றது. முப்பத்துமூவாயிரத்துத் தொளாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் அதிற் பதியப்பட்டனர். அவர்களுள் நூற்றுக்கு 3.5 பேருக்குக் குருதி பெருகிற்று, நூற்றுக்கு 0.9 பேர் மீண்டும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளினும் பதினாறு வயது கடந்தோர்க்கு இவ்விடர் இருமடங்குக்கு மேலாக இருந்தது.

இக்கணக்காய்வு வெளியிட்ட செய்திகளுள், சத்திரவைத்தியர் பலரைத் திடுக்கிடச் செய்தது சூட்டைப் பற்றியது. மின்சூட்டினாற் சதையை அறுத்துக் குழாய்களைச் சுட்டடைக்கும் முறை, சத்திரசிகிச்சை நடைபெறும் வேளையிற் குருதியைக் குறைப்பது, விரைவானது, கூடத்திற் செலவாகும் நேரத்தையும் சுருக்குவது. ஆனால், உருக்குக் கருவியால் அறுத்து நூலினாற் கட்டும் பழைய முறையோடு ஒப்பிடுகையில், சூட்டை அறுப்பதற்கும் அடைப்பதற்கும் ஒருங்கே பயன்படுத்தியவிடத்துப் பின்னாளிற் குருதி பெருகும் இடர் ஏறத்தாழ மூன்று மடங்காயிருந்தது. சுடப்பட்ட இழையம் ஆழமாக அழிந்து, பொருக்குத் தடித்து, கழலும்போது பெருங்குழாய்களைத் திறந்துவிடுகின்றது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். கூடத்திற் சேமித்த சில நிமிடங்கள் ஒருவாரங் கழித்து விடுதியிற் செலவாயின. முதலாவதைக் கண்ட சத்திரவைத்தியர் இரண்டாவதைக் காணவில்லை. திரும்பிவந்த குழந்தையை அவ்விரவிற் கடமையிலிருந்த வேறொருவர் பார்த்தார். சிலவேளை வேறொரு வைத்தியசாலையே பார்த்தது. 2004 இல், கணக்காய்வு முடியுமுன்னரே, சூட்டுமுறையைக் கையாள்வோர் தக்க பயிற்சி பெற்றிருத்தல் வேண்டுமென்றும், சூட்டைக் குறைத்துப் பயன்படுத்துதல் வேண்டுமென்றும் அறிவுரை விடுக்கப்பட்டது. எறிகருவிகளின்மேல் சுமத்தப்பட்ட பழியில் ஒரு பகுதியேனும் சூட்டுக்குரியது என்பதும் இதனால் விளங்கிற்று. வேல்சில் ஒருமுறைக் கருவிகள், தரம் ஆராய்ந்து தெரியப்பட்டு, ஒவ்வொரு நோயாளியின் விளைவையும் பதியும் கண்காணிப்போடு மீண்டும் புகுத்தப்பட்டன என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

எண் என்பது எண்ணும் முறைக்கேற்ப மாறுவது என்பதையும் மறத்தலாகாது. 2023 இல் லான்செற் இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், 27 வைத்தியசாலைகளைச் சேர்ந்த 453 வளர்ந்தோர் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு உடனே ரொன்சில் நீக்கப்பட்டது. மற்றப் பிரிவினர் வழக்கமான பராமரிப்பில் விடப்பட்டனர். இரண்டாண்டில் தொண்டைநோவுற்ற நாட்கள் முதற் பிரிவில் இடைநிலையாக 23, மற்றதில் 30. அவ்வளவில் சிகிச்சை பயனுடையதாயிற்று. ஆயின் சத்திரசிகிச்சை பெற்றோருள் நூற்றுக்குப் பத்தொன்பது பேர் குருதி கசிந்ததாக அறிவித்தனர். முன்னர்க் கண்ட 3.5 எங்கே, இப்பத்தொன்பது எங்கே! ஒன்றில் வைத்தியசாலை அறிந்தவை பதியப்பட்டன. குழந்தைகளும் அதில் அடங்கினர். மற்றதில் வளர்ந்தோர் மட்டும் ஆராயப்பட்டனர். அவர்களையே தொடர்ந்து வினவியதால் சிறு கசிவும் தப்பவில்லை. மீளனுமதி வீதம் என ஒரு வைத்தியசாலை வெளியிடும் எண்ணைக் காண்போர், அது யாரிடம் கேட்டுப் பெற்ற எண் என்பதை முதலில் வினவுதல் நன்று.

குருதி மட்டுமே நோயாளியைத் திருப்பியழைப்பதன்று. நோவினால் விழுங்கமாட்டாத குழந்தை நீரருந்த மறுக்கும், நீரின்றி வாடும், வாந்தியுஞ் சேருமாயின் நாளத்தின் வழி நீரேற்றுவதற்கென்றே விடுதியிற் சேர்க்க நேரும். இவ்வகை மீளனுமதி பெரிதும் தவிர்க்கத்தக்கது. சத்திரசிகிச்சையின்போது டெக்சாமெதசோன் என்னும் மருந்தை ஒருமுறை ஏற்றுதல் வாந்தியைக் குறைக்கின்றது. நோவுக்குக் கொடெயின் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஈரல் அதனை மோர்பீனாக மாற்றுகின்றது. பிறவியிலேயே இம்மாற்றம் மிக விரைவாக நிகழும் உடலமைப்புடைய குழந்தைகள் சிலர் மூச்சடங்கி இறந்தனர். அமெரிக்க மருந்தாட்சி நிலையம் 2013 இல் ரொன்சிற் சிகிச்சையின்பின் குழந்தைகளுக்குக் கொடெயின் கொடுத்தலாகாதெனத் தன் கடுமையான எச்சரிக்கையை விடுத்தது. பரசிற்றமோலையும் இபுபுரோபனையும் நேரந் தவறாது கொடுத்தலே இன்று பரிந்துரைக்கப்படுவது. நோவு வந்தபின் கொடுப்போம் என்று காத்திருக்கும் அன்னை, நோவு வந்தபின் குழந்தை மருந்தையும் விழுங்காது என்பதைக் காண்பாள். இதனை விடுதியை விட்டுப் புறப்படுமுன் விளக்கிக் கூறுவதற்குத் தாதியொருவரின் சில நிமிடமே தேவை. அந்நிமிடங்களுக்குக் கட்டணப் பட்டியலில் இடமில்லாமையால் அவையே முதலிற் சுருக்கப்படுகின்றன.

மூக்கினின்று குருதி வடிதல் வேறு வகையினது. இதில் நோயாளர் பெரும்பாலும் முதியோர், இரத்தவழுத்தம் உடையோர், இதயநோய்க்காகக் குருதி உறையாமைக்கான மருந்து உண்போர். மூக்கின் நடுச்சுவரின் முற்பகுதியிற் பல நுண்குழாய்கள் கூடும் இடமொன்றுண்டு. 1879 இல் அமெரிக்கரான லிற்றிலும், 1884 இல் யேர்மானியரான கீசல்பாக்கும் அதனை விவரித்தனர். இருவர் பெயராலும் அது இன்று வழங்குகின்றது. அவ்விடத்துக் கசிவைக் கண்டு வெள்ளி நைத்திரேற்றினாற் சுட்டுவிடின் நோயாளர் பலர் அன்றே வீடு செல்வர். இடம் புலப்படாதபோது மூக்கினுள் திரியடைத்து விடுதியில் வைப்பர். திரி எடுத்தபின் மீண்டும் வடிவதும் உண்டு. ஐக்கிய இராச்சியத்தில் 2016 இல் 113 வைத்தியசாலைகள் சேர்ந்து நடத்திய கணக்காய்வில், இந்நோயாளருள் ஏறக்குறைய எழுவரில் ஒருவர் முப்பது நாளுக்குள் மீண்டும் வைத்தியசாலையை நாடினர் எனத் தெரிந்தது. இவர்களுடைய மீள்வரவில் ஒரு பங்கு மூக்கைச் சார்ந்ததன்று. உறையாமை மருந்தை நிறுத்துவதா தொடர்வதா என்பதை இதயவைத்தியரும் மூக்குவைத்தியரும் கலந்து முடிவுசெய்யாது நோயாளியை அனுப்பிவிடுதலைச் சார்ந்தது.

தொகையிற் சிறிதாயினும் ஒவ்வொன்றும் பெருஞ்செலவாக அமைவது குரல்வளை நீக்கப்பட்டோரின் மீள்வரவாகும். புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுவதும் நீக்குஞ் சத்திரசிகிச்சையை வியன்னாவில் பில்றோத் 1873 டிசெம்பர் 31 ஆம் நாளில் முதன்முதற் செய்தார். இன்றும் அது எளிதன்று. மூச்சு கழுத்தில் திறந்த துளைவழியாக ஓடும். உணவுவழி தைத்து மூடப்படும். அத்தையல் நெகிழுமாயின் உமிழ்நீர் கசிந்து கழுத்துத் தோலிற் புரைவாய் ஒன்று திறக்கும். முன்னர்க் கதிர்ச்சிகிச்சை பெற்ற இழையம் எளிதில் ஆறாதாதலின் அத்தகையோர்க்கு இவ்விடர் மிகுதி. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரத்து வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தினர் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், இச்சிகிச்சை பெற்றோருள் ஏறக்குறைய நாலில் ஒருவர் முப்பது நாளுக்குள் எதிர்பாராது மீண்டும் சேர்க்கப்பட்டனர். புரைவாயும், கழுத்துத் துளையைச் சூழ்ந்த தோலின் அழற்சியும் அதற்கு முதன்மையான காரணங்களாயிருந்தன.

எல்லா நோயாளர்க்கும் புறப்படும் நாளிற் கொடுக்கப்படும் அறிவுரை, ஏதேனும் மாறுபாடு காணின் விடுதிக்குத் தொலைபேசியிற் கூறுக என்பதாகும். குரல் இழந்தவர் யாது செய்வார்? தனித்து வாழும் முதியவராயின், காய்ச்சல் தொடங்கிய முதனாளில் ஒரு சொல்லாற் கேட்டறியக்கூடியதை, மூன்றாம் நாளில் அவசர ஊர்தியில் வந்து அறிவிக்க நேர்கின்றது. எழுத்துவழிச் செய்தி அனுப்பும் ஏற்பாடும், வீட்டுக்குச் சென்று பார்க்கும் தாதியும், துளையைத் துப்புரவாக்கும் முறையை நோயாளியே செய்துகாட்டியபின் அனுப்பும் வழக்கமும், புரைவாய் ஆறும் நாள்வரை கட்டிலிற் கிடத்தும் செலவோடு ஒப்பிடத் தக்கனவல்ல, அவ்வளவு சிறியவை.

இனித் தண்டத்தைப் பற்றி ஒருசொல். மீளனுமதியைக் குறைக்கப் பணத்தை நிறுத்துதல் தக்க வழியா என்பது ஆராயத்தக்கது. பணம் நிறுத்தப்படுமென அஞ்சும் வைத்தியசாலை, திரும்பி வருவோரைக் குறைக்க முயலலாம். எண்ணத்தக்க வருகையை மட்டும் குறைக்கவும் முயலலாம். அமெரிக்காவில் ஒருவரை இரவு முழுதும் கட்டிலிற் கிடத்திக் கண்காணிப்பு என்று பதிவு செய்தால் அது கணக்கில் அனுமதியாகாது. நோயாளிக்கு இரண்டும் ஒரே கட்டில். தொண்டையிற் சிறிது குருதி கசிந்த குழந்தையை விடுதியிற் சேர்த்து வைத்திருத்தல் நற்சிகிச்சையே அன்றிப் பிழையன்று. அதனைச் சேர்த்த வைத்தியசாலையின் எண் உயரும்; வீட்டுக்குத் திருப்பியனுப்பிய வைத்தியசாலையின் எண் தாழும். இவ்வெண்ணுக்குத் தண்டம் விதித்தால் முன்னதே தண்டிக்கப்படும். காது மூக்குத் தொண்டைத் துறை இத்தண்டப் பட்டியலுக்கு வெளியே நின்றது இவ்வகையில் நன்மையாயிற்று எனலாம்.

ஒருபோதும் திரும்பி வராத நோயாளி, சத்திரசிகிச்சையே செய்யப்படாதவர். இது நகைப்புக்குரிய கூற்றன்று. பிரித்தானிய வைத்தியரான அலிசன் குளோவர் 1938 இல் பாடசாலைப் பிள்ளைகளின் ரொன்சிற் சிகிச்சையை ஆராய்ந்து, ஒத்த நிலையிலுள்ள அயற்பகுதிகளிடையே அது பன்மடங்கு வேறுபடுவதைக் காட்டினார். நோயின் அளவோ, வறுமையோ, காலநிலையோ அவ்வேற்றுமையை விளக்கவில்லை. அவ்வப் பகுதி வைத்தியரின் கருத்தே விளக்கிற்று. லண்டன் மாநகரின் வடபாலுள்ள ஹோர்ன்சியில் வைத்தியப் பொறுப்பாளர் மாறியதும் சத்திரசிகிச்சையின் தொகை முன்னிருந்ததில் பத்தில் ஒன்றுக்கும் கீழாகக் குறைந்தது. பிள்ளைகளுக்குத் தீங்கெதுவும் நேரவில்லை. ஓராண்டில் ஏழு முறை, அல்லது ஈராண்டில் ஆண்டுக்கு ஐந்து முறை, அல்லது மூவாண்டில் ஆண்டுக்கு மூன்று முறை கடுந்தொண்டைநோவு வந்தோர்க்கே சிகிச்சை என்னும் அளவுகோலை, பிற்ஸ்பேக்கில் பரடைஸ் என்பாரும் அவர் துணைவரும் 1984 இல் வெளியிட்ட ஆய்வின் வழி அறிமுகப்படுத்தினர். இன்றைய வழிகாட்டிகள் பலவும் அதனைப் பின்பற்றுகின்றன. அவ்வளவுகோலை எட்டாத குழந்தைக்குச் செய்த சிகிச்சையின் பின் நேரும் குருதிப்பெருக்குக்கு ஆகும் செலவு, இருமுறை வீணான செலவு.

தம்மிடம் சிகிச்சை பெற்றுச் சென்றவர் பின்னர் என்னவானார் என ஒவ்வொரு வைத்தியரும் தேடி அறிதல் வேண்டும் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வற்புறுத்தியவர் பொஸ்ரன் நகரத்துச் சத்திரவைத்தியர் ஏர்ணெஸ்ற் கொட்மன். தமது சிறு வைத்தியசாலையில் 1911 தொடக்கம் 1916 வரை சிகிச்சை பெற்ற 337 பேரை ஆண்டுதோறும் விசாரித்து, தாம் இழைத்த பிழைகள் 123 என எண்ணி அச்சிட்டு வெளியிட்டார். நண்பர்கள் விலகினர், வருவாய் குன்றிற்று. அவர் கூறியதற்கு இத்துறையிற் செயல்வடிவம் வர நெடுங்காலஞ் சென்றது. அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை வைத்தியர் சங்கம் 2019 இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டியில், ரொன்சிற் சிகிச்சை செய்யும் ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறையேனும் தம் நோயாளருட் குருதி பெருகினோரின் வீதத்தைத் தாமே கணித்தல் வேண்டும் என்பதும் ஒரு விதியாயிற்று. சுவீடனில் 1997 தொடக்கம் தேசிய ரொன்சிற் பதிவேடு ஒன்று நடைபெற்று வருகின்றது. அங்கே வைத்தியர் தரும் விபரத்தோடு நிறுத்துவதில்லை. சத்திரசிகிச்சை முடிந்து முப்பது நாளில் நோயாளிக்கு, குழந்தையாயின் பெற்றோருக்கு, வினாக்கொத்து ஒன்று செல்கின்றது. குருதி பெருகியதா, நோவுக்காகவோ அழற்சிக்காகவோ முன்னேற்பாடின்றி வைத்தியரை நாட நேர்ந்ததா என்பன அதிலுள்ள வினாக்கள். ஆறு மாதங் கழித்து மற்றொன்று வரும். சிகிச்சைக்குக் காரணமாயிருந்த நோய் தீர்ந்ததா என்பது அதன் வினா.